சித்திரை விடுமுறையில் ஊர் செல்வோருக்கு: வேலியோரத்துப் பூக்கள், பறவைகள், பூச்சிகள்

பங்குனி, சித்திரை மாதங்களில் புலம்பெயர் நாடுகளிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் பல, இயற்கையைப் பார்ப்பதற்கென்று வில்பத்து, யால ஆகிய தேசிய பூங்காக்களுக்கு வாகனம் ஒழுங்கு செய்கின்றன. அம்மம்மாவின் வளவிலும் அதையடுத்த ஒழுங்கையிலும் அந்த நாட்களில் பூப்பதையும் பறப்பதையும் ஊர்வதையும் சில காலைகள் நின்று பார்த்த பிறகு அந்தப் பயணத்துக்குப் புறப்படுவதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

திகதியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு மார்ச் நடுப்பகுதியே சிறந்தது. ஐப்பசி தொடக்கம் வந்து தங்கிய வலசைப் பறவைகள் அப்போது முற்றாகப் புறப்பட்டிருக்கமாட்டா. மாரிமழையில் முளைத்த பூண்டுகளும் முற்றாகக் கருகியிருக்கமாட்டா. ஒன்ராறியோப் பாடசாலைகளின் மார்ச் விடுமுறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஏப்ரல் நடுவில் செல்வோருக்கு வலசைப் பறவைகள் குறையும், மரப்பூக்கள் கூடும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் குடாநாட்டுக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்பதால், காலை 6 மணி முதல் 8.30 வரையும் மாலை 4.30 மணிக்குப் பின்னரும் மட்டுமே வெளியே நிற்பது உடலுக்கு நல்லது. பறவைகளும் அந்த நேரங்களிலேயே சுறுசுறுப்பாக இருக்கும்.

பார்வையை வேலியிலிருந்து தொடங்குங்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை (துளிர்க்கும் வேலித் தடிகளை) நட்டு வளர்த்த பழைய உயிர்வேலி எஞ்சியிருக்கும் ஒழுங்கையைத் தேடிப் போவது பயனுள்ளது. ஆட்டுக்குக் குழை வெட்டாமல் விட்ட முள்முருக்கு, இலையுதிர்ந்த கிளைகளில் செந்நிறமாகப் பூத்திருந்தால், அதன் அருகில் அரை மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். தேனுக்காக மைனாவும் காகமும் புலுனியும் தேன்சிட்டும் மாறி மாறி வரும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து வாடும்போது செம்மை கலந்த ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் படம் எடுத்து ஒப்பிடலாம். அதன் காய்களில் கூட்டமாக ஊரும் சிவப்புப் பூச்சிகள் விதைச் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. வேலிக்கு வெளியே நிற்கும் எருக்கம்பூவுக்குப் பெரிய கருவண்டுகள் வருவதையும், அதன் இலைகளில் வரியுடைய மயிர்க்கொட்டி போன்ற, ஆனால் மயிரற்ற, புழுக்கள் மேய்வதையும் காணலாம். அவை பின்னர் கருமையும் வெண்மையும் விளிம்பிட்ட செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளாகும்.

இந்த வேலிகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. நாம் அனுப்பும் பணத்தில் எழும் சீமெந்து மதில்களே அதற்கு ஒரு முக்கிய காரணம். காணியைச் சுற்றி மதில் கட்ட எண்ணுவோர், ஒரு பக்கத்தையேனும் உயிர்வேலியாக விடும்படி உறவினரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கிணற்றடியில் நிற்கும் தேசியையும் (எலுமிச்சையையும்) கறிவேப்பிலையையும் இலை இலையாகப் பாருங்கள். பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு அங்கே இருந்தால், அது வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. கறிவேப்பிலையில் வளரும் ஒரு கரிய வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, ஆடுதின்னாப்பாலையைத் தின்று நச்சேறிய செம்புள்ளி வண்ணத்துப்பூச்சியின் தோற்றத்தைப் பூண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது. இரண்டையும் பிரித்தறிய உடலைப் பார்க்க வேண்டும்: நச்சுள்ளதன் உடல் சிவப்பு, போலியின் உடல் கறுப்பு.

பறவைகளில், தெற்கில் காண முடியாதவற்றை முதலில் தேடுவது நல்லது. கம்பியிலும் மாட்டின் முதுகிலும் அமரும் கவட்டை வால் கரிக்குருவியும், பற்றைக்குள்ளிருந்து விடியலில் உரக்கக் கத்தும் கௌதாரியும் இலங்கையில் வடக்கு, வடமேற்கு வறண்ட தாழ்நிலங்களுக்கே உரியவை. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி ஏப்ரலில் இந்தியாவுக்குத் திரும்பிவிடும். குயிலின் குரலைக் கேட்டால், கரிய ஆணோடு நின்றுவிடாமல், காகக் கூட்டைச் சுற்றி மறைந்து திரியும் புள்ளியுடைய பெண்ணையும் தேடுங்கள். நீர்ப்பறவைகளுக்குப் பண்ணைப் பாலத்து வீதியும் அராலியும் தொண்டைமானாறும் போதும். முழு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் சுண்டிக்குளத்துக்குச் செல்லலாம்.

வேம்பு பூக்கும் காலமும் இதுவே. மரத்தின் கீழ் சாக்கு விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து வடகம் போடும் வீடுகளில் உதவிக்கு நின்றால், அந்தப் பூவுக்கு வரும் தேனீக்களையும் சிறு வண்டுகளையும் அருகிலிருந்து பார்க்கலாம். புத்தாண்டில் தலையில் வைத்து நீராடும் மூலிகை நீரான மருத்துநீரில் சேரும் விஷ்ணுகிராந்தி, தரையோடு படர்ந்து நகத்தளவு நீலப் பூப் பூப்பது. அதை இனங்காட்டத் தெரிந்த முதியவர் ஊரில் இருந்தால் அவரோடு ஒரு காலை நடந்து, அவர் சொல்லும் பெயர்களைப் படத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரும் மூடிய சப்பாத்தும் தண்ணீரும் போதுமானவை. ஆளற்ற வளவுகளின் பற்றைக்குள் இறங்க வேண்டாம். கட்டில்லாத பாழ்கிணறுகளும் புடையன், சுருட்டை விரியன் பாம்புகளும் அங்கே உண்டு. சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் ஒரு அடியும் வைக்கக் கூடாது. இராணுவ முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்புவதைத் தவிருங்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி தேவை. வண்ணத்துப்பூச்சி, வண்டு, செடி போன்றவற்றை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம். அவுஸ்திரேலியாவுக்குத் திரும்புவோர் பெட்டியில் உள்ள விதைகளையும் வேப்பம்பூ வடகத்தையும் வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.