மேக்கினா தீவும் கூடார முகாமும்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மோட்டார் வாகனத் தொழில் வளர்ந்த மிச்சிகன் மாநிலத்திலேயே மோட்டார் வாகனங்களை உள்ளே விடாத ஊர் ஒன்று உண்டு. மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தையும் மேல் தீபகற்பத்தையும் பிரிக்கும் நீரிணையின் அருகே, ஹியூரான் ஏரியில் இருக்கிறது மேக்கினா தீவு. புதிதாக வந்த மோட்டார் வண்டிகளைக் கண்டு குதிரைகள் மிரளுகின்றன என்று வண்டிக்காரர்கள் முறையிட்டதால், 1898ஆம் ஆண்டிலேயே அங்கே அவற்றுக்குத் தடை விதித்தார்கள். ஹென்றி ஃபோர்டு தம் பெயரிலான நிறுவனத்தைத் தொடங்கியதே அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற சில விலக்குகள் நீங்கலாகக் கோடையில் அங்கே நடை, மிதிவண்டி, குதிரை ஆகிய மூன்று வழிகளே உள்ளன. டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பள்ளி விடுமுறையில் 75ஆம் எண் நெடுஞ்சாலையில் நான்கரை மணி நேரம் போல வடக்கே ஓட்டிச் சென்று, ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, ஒரு நாள் இந்தத் தீவுக்கும் போய்வருவதுண்டு.

இந்தப் பயணத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: கார் எப்போதும் பக்கத்தில் இருக்கும் என்ற எண்ணத்திலேயே எல்லாவற்றையும் திட்டமிட்டுவிடுகிறோம். மறந்த பொருளை எடுத்து வரவும், மழைக்கு ஒதுங்கவும், தூங்கிவிட்ட குழந்தையைப் படுக்க வைக்கவும், கால் வலிக்கும் பெரியவரை உட்கார வைக்கவும் நமக்குக் கார்தான் பழக்கம். தீவில் இறங்கிய கணம் முதல் அந்த வசதி இல்லை. இதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த நாள் இனிதாகக் கழிகிறது. மற்றவர்கள் மாலைப் படகுக்குக் காத்திருக்கும்போது ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள்.

முதல் தவறு, தீவிலேயே கூடாரம் போடலாம் என்று நம்பிப் புறப்படுவது. அப்படி நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது. 1875இல் யெல்லோஸ்டோனுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது; 1895இல் மாநிலத்தின் பொறுப்புக்கு வந்து மிச்சிகனின் முதல் மாநிலப் பூங்காவாயிற்று. இன்றும் தீவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தப் பூங்காதான். பூங்கா என்றால் முகாமிடமும் இருக்கும் என்பது மிச்சிகனில் நியாயமான எதிர்பார்ப்பே. ஆயினும் மேக்கினா தீவில் எங்குமே கூடாரம் போட அனுமதியில்லை. இரவு தங்க வேண்டுமானால் விடுதிகள் மட்டுமே உண்டு. கோடையில் அவற்றின் வாடகை, முகாம் செலவை நினைத்துக் கிளம்பிய குடும்பத்தைத் திடுக்கிட வைக்கும். ஆகவே கரையில் முகாம், தீவுக்கு ஒரு பகல் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கரை என்றால் எந்தக் கரை என்பது அடுத்த கேள்வி. இரண்டு தீபகற்பங்களையும் 1957 நவம்பரில் திறக்கப்பட்ட மேக்கினா பாலம் இணைக்கிறது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 5 மைல். தென்கரையில் மேக்கினா சிட்டி, வடகரையில் செயின்ட் இக்னஸ் என்று இரண்டு ஊர்கள். இரண்டிலிருந்தும் தீவுக்குப் படகுகள் உண்டு. செயின்ட் இக்னஸில் உள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் மாநிலப் பூங்காவிலிருந்து பாலம் நன்றாகத் தெரியும், படகுத்துறையும் சில நிமிடத் தொலைவுதான். ஆனால் நெடுஞ்சாலை அருகில் இருப்பதால் முழு அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. மேக்கினா சிட்டிக்கு மேற்கே 11 மைல் போல உள்ளே தள்ளி மிச்சிகன் ஏரியை ஒட்டியிருக்கும் வில்டர்னஸ் மாநிலப் பூங்கா இதற்கு நேர்மாறானது: நீண்ட மணற்கரையும் காடும் உண்டு, நிலவில்லாத இரவில் விண்மீன்கள் அப்பட்டமாகத் தெரியும், ஆனால் படகுக்குப் போக ஒவ்வொரு முறையும் ஓட்டிச் செல்ல வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு முதலாவதையும், முகாமுக்கே முதலிடம் தருவோருக்கு இரண்டாவதையும் நான் பரிந்துரைப்பேன். வடகரையில் முகாமை வைத்துக்கொண்டு தென்கரையில் படகுச்சீட்டு வாங்கிவிடுவதும், அதன் மறுதலையும், இணையத்தில் அவசரமாக முன்பதிவு செய்வோரிடம் அடிக்கடி காணும் பிழை. பாலத்தைக் கடக்கப் போகவும் வரவும் சுங்கம் கட்ட வேண்டும் என்பதோடு காலை நேரமும் அதில் கரைந்துவிடும்.

மாநிலப் பூங்காக்களில் முகாமிடங்களை ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். ஜூலை மாதத்து வாரக் கடைசிக்கு மே மாதத்தில் தேடுவோருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கழிப்பறைக்கு ஒட்டிய இடமோ, ஒன்றுமில்லையோதான். முகாமிடக் கட்டணம் தவிர, பூங்காவுக்குள் வாகனம் நுழையத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் வெளிமாநிலத்தவர் மறந்துவிடுகிறார்கள்.

வந்து சேரும் நாளிலேயே தீவையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவதே இருப்பதில் மோசமான தவறு. படகுப் பயணம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காரை நிறுத்தி, மிதிவண்டிகளை இறக்கி, வரிசையில் நின்று, அக்கரையில் மீண்டும் அவற்றைப் பெற்றுக்கொண்டு தெருவுக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் கடந்திருக்கும். மாலையில் திரும்பி வந்து, பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருட்டில் கூடாரம் போடுவது யாருக்கும் நல்ல நினைவாக அமைவதில்லை. முதல் நாளை முகாமுக்கு ஒதுக்கி, இரண்டாம் நாள் காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடிப்பதே சரியான வரிசை. நடுப்பகலில் வந்து இறங்கும் கூட்டத்தால் மெயின் ஸ்ட்ரீட் நிரம்பி வழியும்போது, காலையில் வந்தவர்கள் கரையோரச் சாலையில் பாதி தூரம் போயிருப்பார்கள். கடைசிப் படகின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். மே மாதத்திலும் அக்டோபரிலும் படகுகள் குறைவு. கடைசிப் படகைத் தவறவிட்டால் கூடாரமும் போர்வையும் அக்கரையிலும் குடும்பம் இக்கரையிலுமாக ஓர் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும் என்பதால், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே துறையில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மிதிவண்டி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீவைச் சுற்றிவரும் எம்-185 சாலை 8 மைலைச் சற்றே தாண்டும். மோட்டார் வாகனங்கள் தடைசெய்யப்பட்ட மாநில நெடுஞ்சாலை அமெரிக்காவில் இது ஒன்றே. சமதளமான பாதை என்பதால், வண்டி ஓட்டப் பழகிய பிள்ளைகளால் இதை முடித்துவிட முடியும். பிழை எங்கே நேர்கிறது என்றால், வரைபடத்தில் குறுக்கு வழியாகத் தெரியும் உட்புறச் சாலைகளில் திரும்பும்போதுதான். தீவின் நடுப்பகுதி மேடு. உச்சியிலுள்ள ஹோம்ஸ் கோட்டை ஏரி மட்டத்திலிருந்து 300 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதாவது களைப்போடு முடியும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியாத சிறுவர்கள் வேகமெடுப்பது ஆபத்து. கைக்குழந்தைகளை உட்கார வைத்து மிதிவண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு வண்டிகள் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சொந்த வண்டிகளைப் படகில் ஏற்றினால் தனிக் கட்டணம் உண்டு. சிறியவர்களுக்குத் தம் உயரத்துக்குப் பொருந்திய, பழகிய வண்டியே பாதுகாப்பானது என்பதால் அந்தச் செலவு தகும். மின் மிதிவண்டியோடு வந்து ஏமாறுவோர் இப்போது மிகுதி: நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், அதிலும் மிதித்தால்தான் மோட்டார் உதவும் வகைக்கு மட்டுமே, அங்கே அனுமதி.

கரையோரச் சாலையில் ஊரைத் தாண்டிவிட்டால் கடைகள் அரிது. ஏறக்குறைய பாதி வழியில், 1812 ஜூலையில் அமெரிக்கர்களிடமிருந்து மேக்கினா கோட்டையைப் பிடிக்கப் பிரிட்டிஷ் படை கரையேறிய இடமான பிரிட்டிஷ் லேண்டிங் வரும். அதுவரைக்கும் வேண்டிய தண்ணீரைக் கையில் கொண்டுபோவது நல்லது. தீவுக்குள் எல்லாப் பொருளும் படகில் வந்து குதிரை வண்டியில் கடைக்குப் போகின்றன. விலையிலும் அது தெரியும். சைவ உணவு கேட்டால் தேர்வும் குறுகிவிடுகிறது. காலையில் முகாமிலேயே கிளறிய புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் இங்கே எந்த உணவகத்தையும் விட நன்றாகக் கைகொடுக்கும்.

குதிரைகளை அலங்காரப் பொருள் போல நினைத்துவிடக் கூடாது. கோடையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் தீவில் உழைக்கின்றன: பயணிகளை ஏற்றுபவை, விடுதிக்கு மூட்டை சுமப்பவை, குப்பை அள்ளும் வண்டியை இழுப்பவை. பூட்டிய குதிரையின் பின்னால் ஒட்டி வருவதும், முன்னால் குறுக்கே பாய்வதும், கேட்காமல் தொடுவதும், தின்பண்டம் நீட்டுவதும் கூடாது என்று பிள்ளைகளுக்குப் படகிலேயே சொல்லிவிட வேண்டும். மிதிவண்டியில் வலப்பக்கமாகவே போய், குதிரை வண்டிக்கு வழிவிட்டு, முந்தும்போது போதிய இடைவெளியுடன் இடப்புறமாக முந்த வேண்டும். சாணம் அள்ள ஆட்கள் இருந்தாலும் மழை நாளில் சாலை வழுக்கும். வெள்ளைக் காலணியை அன்று முகாமிலேயே விட்டுவிடலாம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் கோடையில் அவர்களையும் அழைத்துச் செல்வது நம்மிடையே வழக்கம். அவர்களுக்கு இந்தப் பயணத்தில் எழும் சிக்கல்களைப் பலர் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். தரையில் படுத்து எழ முடியாதவருக்குக் காற்றடைத்த மெத்தை தீர்வாகாது. மடக்குக் கட்டிலோ, வில்டர்னஸ் பூங்காவில் உள்ளது போன்ற மரக்குடில்களில் ஒன்றோ வேண்டும். தீவில், ஏரி மட்டத்துக்கு 146 அடி உயரத்தில் நிற்கும் ஆர்ச் ராக் என்ற இயற்கைக் கல் வளைவுக்குக் கரையோரச் சாலையிலிருந்து ஏற 207 படிகள். படியடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு 'மெல்ல வாங்க' என்று சொல்வதைவிட, ஆர்ச் ராக்கின் மேற்புறத்துக்கே போகும் குதிரை வண்டிச் சுற்றுலாவில் அவர்களை ஏற்றிவிடுவது மரியாதை. மேக்கினா கோட்டைக்கும் செங்குத்தான ஏற்றம் உண்டு. 1887இல் கட்டிய கிராண்ட் ஹோட்டலின் புகழ்பெற்ற 660 அடித் தாழ்வாரத்தில் இளைப்பாறலாம் என்று போனால், அங்கே தங்காதவர்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்பார்கள்.

இனி முகாம். ஜூலையில் பகல் வெப்பம் 24 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தாலும் இரவில் 13, 14 டிகிரிக்கு இறங்கும். ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் இன்னும் குளிரும். உடம்புக்கு மேலே எத்தனை போர்வை இருந்தாலும், கீழே தடுப்பு விரிப்பு இல்லையென்றால் தரை சூட்டை உறிஞ்சிவிடும். படகின் மேல்தளத்திலும் ஏரிக்காற்று சில்லென்று வீசுவதால், நடுக்கோடையிலும் ஆளுக்கொரு காற்றுத்தடுப்புச் சட்டை வேண்டும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பதரை மணியாகிவிடும். பூங்காவின் அமைதி நேரமோ இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. வெளிச்சத்தை நம்பி நேரத்தைக் கணித்தால், பிள்ளைகள் ஓடியாடும்போதே அண்டை முகாமினர் முகம் சுளிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது சிக்கனமாகத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அது பட்டைக்கடியில் குடைந்து வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அது தொலைதூரம் பரவியதற்கு மனிதர்கள் கொண்டுபோன விறகு முக்கியக் காரணம். முகாமுக்கு அருகிலேயே விற்கும் விறகை, முடிந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியதை, வாங்கி அங்கேயே எரித்துவிட வேண்டும்.

உணவுப்பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். கரடி நடமாடும் பகுதிதான் என்றாலும், அன்றாடம் தொல்லை தருவது ரக்கூன்கள். தீவில் ஆசையாக வாங்கிய ஃபட்ஜ் மிட்டாய்ப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால், காலையில் அட்டை மட்டும் மிஞ்சலாம். சமையல் பாத்திரம், பற்பசை, எண்ணெய்ச் சீசா உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினத்தை ஒட்டி வடகரையில் தங்குவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. 1958இல் தொடங்கிய மக்கள் நடைப்பயணம் அன்று காலையில் பாலத்தின் மேல் நடக்கிறது. அதற்காகக் காலை ஆறரை மணி முதல் நண்பகல் வரை பொது வாகனங்களுக்குப் பாலத்தை மூடிவிடுகிறார்கள். அன்றே டெட்ராய்ட் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் ஞாயிறு மாலையே தென்கரைக்கு வந்துவிட வேண்டும். அல்லது பிள்ளைகளோடு தாங்களும் அந்த நடையில் சேர்ந்துகொண்டு, பிற்பகலில் கூடாரத்தைக் காயவைத்து மடித்துக் கிளம்பலாம்.