பெரியவர்களுக்கு ஆன்லைனில் மனு போட்டுக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசிய அரசின் ரொக்க உதவியான எஸ்டிஆருக்கு மனு திறந்துவிட்டால், தோட்டத்தை ஒட்டிய சிறு டவுன்களில் கணினி தெரிந்த பிள்ளைகளைத் தேடிப் பெரியவர்கள் ஐசியும் (அடையாள அட்டை) கையுமாக வருவார்கள். நம்பித்தான் கொடுக்கிறார்கள். நாம் அவசரத்தில் செய்வது அவர்களைப் பல மாதம் கழித்துப் பாதிக்கும்.

மிகப் பெரிய தவறு, அவர்களுடைய கைப்பேசி எண்ணுக்குப் பதிலாக நம் எண்ணைப் பதிவது. ஓடிபி உடனே நம் கைக்கு வரும், வேலை சுலபமாக முடியும். ஆனால் பிறகு நாம் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டால், அந்தப் பாட்டியால் தன் கணக்கையே திறக்க முடியாது. டாப்-அப் செய்யாமல் விட்ட பிரீபெய்ட் எண் வேறொருவருக்குப் போய்விடவும் கூடும். அவருடைய ஓடிபி அந்த ஆளுக்குப் போகும். பட்டன் போனாக இருந்தாலும் எஸ்எம்எஸ் வரும். அவருடைய எண்ணையே போடுங்கள். கடவுச்சொல்லை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால், அவர் நம்பும் மகனோ மகளோ எழுதட்டும்.

அடுத்தது ஐசி படம். வாட்சப்பில் அனுப்பச் சொன்னால் அவர் போன், நம் போன், கேலரி, கூகிள் போட்டோஸ், கணினியின் டவுன்லோட்ஸ் என்று ஐந்து இடத்தில் தங்கிவிடும். மனு போனதும் ஒவ்வொன்றிலும் அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஜெராக்ஸ் கொடுக்க வேண்டியிருந்தால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் 'உந்துக் பெர்மோஹொனான் எஸ்டிஆர் சஹாஜா' (எஸ்டிஆர் மனுவுக்கு மட்டும்) என்று மலாயில் தேதியோடு எழுதுங்கள். முகமும் எண்ணும் மறையக்கூடாது.

பொதுக் கணினியில் பிரவுசர் 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். குரோமில் கெஸ்ட் முறையில் திறந்தால் அந்தக் கவலையே இல்லை. வாட்சப் வெப் திறந்திருந்தால், எழுந்து போகுமுன் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் வெளியேறுங்கள். டேபை மூடினால் போதாது.

கடவுச்சொல் தெரியும் என்பதற்காக இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பின்னர் திறந்து பார்ப்பது உதவி அல்ல, அத்துமீறல். 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் நுழைவதற்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

'ஏடிஎம் கார்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் காசு தருகிறேன்' என்று வருபவரிடம் இளைஞர்கள் சிக்குவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரை. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவுகளே சேர்க்கப்பட்டன.

வாட்சப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) பெரியவர் தொட்டு நிறுவியிருந்தால், திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால், வேறொரு போனிலிருந்து உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-ஐயோ வங்கியின் 24 மணிநேர எண்ணையோ கூப்பிடுங்கள். வங்கிப் பெயர், கணக்கு எண், தொகை, போன நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போலீஸ் ரிப்போர்ட். அதற்கு அவர் தனியாகப் போகாமல் நீங்களும் கூடப் போங்கள்.