பேஸ்பாலில் ‘வாக்’: அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது எப்படி?

பந்தை அடிக்கவே இல்லை. மட்டையைப் போட்டுவிட்டு, கடைத்தெருவுக்குக் கிளம்பியவர் மாதிரி சாவகாசமாக முதல் பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் முதலாவதுக்கு) நடக்கிறார் பேட்டர். யாரும் தடுப்பதில்லை. இதுதான் ‘வாக்’.

படி 1: பெட்டியைக் கற்பனை செய்யுங்கள்

பேட்டர் நிற்குமிடத்தை ஒட்டித் தரையில் பதித்த ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு நேர் மேலே, பேட்டரின் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை உள்ள இடம்தான் ஸ்ட்ரைக் ஸோன். பந்து அதற்கு வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாவிட்டால் அம்பயர் அதை ‘பால்’ என்பார். வீசித் தவறவிட்டால், பந்து எங்கே போனாலும் ஸ்ட்ரைக்தான்.

ஆள் குள்ளமானால் பெட்டியும் குறுகும். 1951இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கெடலை இறக்கியது. நாலே பந்தில் அவருக்கு வாக்!

படி 2: எண்ணுங்கள்

மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்; அதற்குள் நான்கு பால் வந்தால் வாக். (1879இல் ஒன்பது பால் வேண்டியிருந்தது; 1889இலிருந்து நான்கு.) திரையில் 3-2 என்று தெரிந்தால், முதல் எண் பால், அடுத்தது ஸ்ட்ரைக். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு, பன்ட் செய்யாமல் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டாமல்) முழுதாக வீசி, ஃபவுலாக, அதாவது ஆட்டக் கோட்டுக்கு வெளியே, தட்டிவிடும் பந்துகள் கணக்கில் ஏறாது. பொறுமைசாலிகள் பிட்சரை (பந்து வீசுபவரை) களைக்க வைப்பது இப்படித்தான்.

படி 3: யார் நகர்வார்?

பலர் தடுமாறுவது இங்கேதான். பின்னாலிருந்து ஆள் வந்து இடத்தைக் கேட்டால் மட்டுமே முன்னால் இருப்பவருக்கு அடுத்த பேஸ் இலவசம்.

முதல் பேஸில் ஆள் இருந்தால் அவர் இரண்டாவதுக்குப் போவார். இரண்டாவதில் மட்டும் இருந்தால் அவருக்கு நகர உரிமை இல்லை. முதல் பேஸ்தான் காலியாயிற்றே! முதலிலும் மூன்றாவதிலும் இருந்தால் மூன்றாவது பேஸில் இருப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பார். மூன்று பேஸும் நிறைந்திருந்தால் மூன்றாவது பேஸில் இருப்பவர் ஹோம் பிளேட்டுக்கு வந்துவிடுவார், ஒரு ரன்.

ஆனால் ஆட்டம் நின்றுவிடுவதில்லை. பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் அதைத் தவறவிட்டால், துணிந்தவர் இன்னும் ஓடலாம்; பேஸுக்கு வெளியே எதிரணியினர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அவுட்.

படி 4: வேண்டுமென்றே கொடுப்பது

அபாயமான பேட்டருக்கு ஆடும் வாய்ப்பையே கொடுக்காமல் முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. 2017 முதல் அமெரிக்காவின் உயர்மட்டத் தொடரான மேஜர் லீக்கில் இதற்குப் பந்து வீசவே வேண்டாம், மேனேஜரின் சைகை போதும். 2004இல் பேட்டர் பாரி பாண்ட்ஸுக்குக் கிடைத்த 232 ‘வாக்’களில் 120 இப்படி வந்தவை. 1998இல் அரிசோனா அணி, 8-6 என்று முன்னிலையில் இருந்த கடைசி இன்னிங்ஸில், பேஸ்கள் நிறைந்திருந்தபோதே அவருக்கு வாக் கொடுத்தது. ஒரு ரன் போனது, அடுத்தவர் அவுட், அரிசோனாவுக்கு வெற்றி.

படி 5: கணக்கில் எழுதுவது

வாக் ‘அட்-பேட்’ ஆகாது, அதாவது பேட்டிங் சராசரிக்கு எண்ணும் வாய்ப்புகளில் சேராது. ஐந்து முறை வந்து ஒரு ஹிட், இரண்டு வாக், இரண்டு அவுட் என்றால் பேட்டிங் சராசரி மூன்றில் ஒன்று, .333. பேஸை எட்டிய விகிதமோ ஐந்தில் மூன்று, .600. நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.