மொட்டை மாடியில் ஒரு கோல் நட்டுப் பூமியின் இயக்கங்களை அறிவது எப்படி?

பகலிரவு, பருவம், கிரகணம் ஆகியவற்றைப் பாடநூல் படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களே நம்மில் மிகுதி. அந்தப் படங்களோ தாளுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பூமியின் பாதையை நீள்வட்டமாக இழுத்தும், நிலவைப் பூமியை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தும் வரையப்பட்டவை. கோடையில் சூரியன் நமக்கு அருகில் வருகிறது என்ற தவறான எண்ணமும், அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை என்ற குழப்பமும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. நாள் முழுதும் வெயில் படும் மொட்டை மாடியும் ஒரு மீட்டர் கோலும் சாக்பீஸும், கிரகணத்துக்கு மட்டும் ஒட்டடைக் கம்பும் பந்தும் களிமண்ணும் இருந்தால், இம்மூன்றையும் படமின்றியே கண்டறியலாம். இங்கே தரப்படும் அளவுகள் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ள சென்னைக்கு உரியவை.

கோலின் அடியை ஒரு பலகையில் ஆணியடித்து நிறுத்தி, அது எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதை இரண்டு பக்கங்களிலிருந்து தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு கோலின் அடியை மையமாகக் கொண்டு ஒரு மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து, காலையில் நிழல் குறுகிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் நீண்டு மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறித்துக்கொள்ளவும். இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காக அமையும்; அதற்குச் செங்குத்தாகக் கோலின் அடி வழியே வரையும் கோடு வடக்கு தெற்கு. கோயிலுக்கு மனை வகுத்தவர்கள் சங்கு என்னும் கோலை நட்டுத் திசை கண்டதும் இம்முறையில்தான். காந்த ஊசி தேவையில்லை.

வடக்கு தெற்குக் கோட்டின்மேல் நிழல் விழும் கணமே உண்மையான நண்பகல். அப்போது கடிகாரம் பன்னிரண்டு காட்டாவிட்டால் கோலைக் குறை சொல்ல வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வகுக்கப்பட்டது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், அந்த ரேகைக்கு மேற்கே உள்ள சென்னையில் உச்சி 9 நிமிடமும், கோவையில் 22 நிமிடமும் பிந்துகிறது. இதற்கு மேல், பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், பிப்ரவரி நடுவில் சூரியன் மேலும் 14 நிமிடம் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஆகவே சென்னையின் நண்பகல் ஆண்டுக்குள் 11:53 முதல் 12:23 வரை ஊசலாடுகிறது.

பருவங்களை அறியப் பொறுமை தேவை. வாரம் ஒருமுறை நண்பகல் நிழலின் நுனியைக் குறித்து அருகில் தேதி எழுதி வரவும். டிசம்பர் 22 அளவில் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் நீளும். மார்ச் 21இல் 23 சென்டிமீட்டராகக் குறையும். ஏப்ரல் 24 வாக்கில் அறவே மறையும். அன்று நேரான சுவருள்ள டப்பா ஒன்றைக் கோலின் அருகில் திறந்து வைத்தால், நண்பகலில் அதன் அடிப்பரப்பு முழுவதும் விளிம்பு வரை வெயில் படுவதைக் காணலாம். கன்னியாகுமரியில் இந்த நிழலில்லா நாள் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். அதன் பிறகு நிழல் தெற்கே சாய்ந்து, ஜூன் 21இல் 18 சென்டிமீட்டர் வரை சென்று திரும்பி, ஆகஸ்ட் 18 வாக்கில் மீண்டும் மறையும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: டிசம்பரில் கடிகார முள்ளின் திசையில் நகரும் நிழல், ஜூனில் அதற்கு எதிர்த்திசையில் நகர்கிறது.

நிழல் இப்படி வடக்கும் தெற்குமாகப் போய்வரக் காரணம், 23.4 பாகை சாய்ந்த பூமியின் அச்சு, சூரியனைச் சுற்றி வரும்போதும் திசை மாறாமல் இருப்பதுதான். தொலைவுக்கு இதில் பங்கில்லை; பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது மார்கழிக் குளிரில், 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகுவது ஜூலையில். மிக நீண்ட நிழல் டிசம்பர் 22இல் விழ, பஞ்சாங்கம் உத்தராயணத்தை, அதாவது சூரியன் வடக்கே திரும்பும் நாளை, தை முதல் நாளில் வைப்பதையும் உங்கள் குறிப்புகள் காட்டிக்கொடுக்கும். ஓராண்டில் மாறாத அச்சின் திசை, ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாக மிக மெதுவாக மாறி வருவதால் சேர்ந்துவிட்ட இடைவெளி அது.

கிரகணத்துக்குக் கோல் போதாது. ஒட்டடைக் கம்பு வேண்டும். கம்பின் ஒரு முனையில் வெள்ளைத்தாள் சுற்றிய டென்னிஸ் பந்தையும், அதிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி 1.8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள களிமண் உருண்டையையும் பொருத்தவும். உருண்டையை ஒரு கம்பித்துண்டில் செருகி, பந்தின் மையத்துக்கு நேர் உயரத்தில் நிறுத்த வேண்டும். பூமி, நிலவு ஆகியவற்றின் அளவும் இடைவெளியும் இதே விகிதத்தில்தான் உள்ளன. காலை வெயிலில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உருண்டை சூரியன் பக்கம் இருக்குமாறு கம்பைப் பிடித்தால், பந்தின்மேல் நடுவில் சற்றே கருத்தும் ஓரங்களில் மங்கியும் ஒரு சிறு நிழற்பொட்டு விழும். அந்தப் பொட்டின் கருத்த நடுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே முழுச் சூரிய கிரகணம்; மங்கிய ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதிக் கிரகணம். கம்பைத் திருப்பிப் பந்தின் நிழலுக்குள் உருண்டையைக் கொண்டுவந்தால் சந்திர கிரகணம். அதை இரவில் உள்ள பாதி உலகமும் பார்க்கும்.

கம்பைப் பிடித்த கை சிறிது அசைந்தாலும் பொட்டு பந்தை விட்டு நழுவிவிடும். நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் நிகழ்வது இந்த நழுவல்தான். உங்கள் கம்பில் அந்தச் சாய்வு உருண்டையை 18 சென்டிமீட்டர் வரை மேலோ கீழோ தள்ளும், பந்தின் குறுக்களவோ 7 சென்டிமீட்டர்கூட இல்லை. இரு பாதைத் தளங்களும் வெட்டும் புள்ளிகளையே நம் சோதிட மரபு ராகு, கேது என்கிறது. அவற்றுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால் மட்டுமே கிரகணம். 2019 டிசம்பர் 26இல் கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் தெரிந்த கங்கண கிரகணம், அதாவது சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம், அப்படி நேர்ந்தது. அடுத்தது 2031 மே 21இல் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கும். அப்போது சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். அட்டையில் ஊசித்துளையிட்டு, கோல் நட்ட அதே தரையில் விழும் வளையத்தைப் பார்த்தால் போதும்.