590 ரூபாய் அபராதமும் அதைவிடப் பெரிய தவறுகளும்

சத்துவாச்சாரியில் மனு எழுதிக் கொடுக்கும் என் மேசைக்கு மாதம் பிறந்தால் யாராவது கிரெடிட் கார்டு பில்லோடு வந்துவிடுவார்கள். தாமதக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாய். கோபம் நியாயம்தான். ஆனால் பாதிப் பேர் ஜெயிக்க வேண்டிய கேஸைத் தாங்களே கெடுத்துக்கொண்டுதான் வந்து உட்காருகிறார்கள். கெடு தேதியை மறக்காதே, பில்லைப் படி என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

590 ரூபாய்க்காக முழு பில்லையும் நிறுத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி ஒருவர். கெடு 5ஆம் தேதி. 7ஆம் தேதி கட்டியிருந்தார். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி கொண்டுவந்துவிட்டது. எனவே அவருக்கு அந்த 590ஐப் போட்டதே தப்பு. ஒரு மின்னஞ்சலில் முடிய வேண்டிய விஷயம்.

இவரோ, "அத்தத் திருப்பிப் போடட்டும், அப்புறம் கட்டுறேன்" என்று அடுத்த பில் 18,000 ரூபாயைக் கட்டாமல் வைத்துக்கொண்டார். "காசு கையிலதான் கீதுண்ணா, ரோசத்துக்குத்தான் கட்டல" என்று பெருமை வேறு.

மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18,000க்கு 630 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 113. வட்டி கெடு தேதியிலிருந்து ஓடாது, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓடும். வட்டியில்லாக் காலமும் போய்விட்டதால், அதன்பிறகு போட்ட பெட்ரோலுக்கும் போட்ட நாளிலிருந்தே வட்டி. புதிதாக ஒரு தாமதக் கட்டணம். இந்தத் தடவை அது விதிப்படி சரியானது. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலிலும் பாக்கி என்று ஏறிவிட்டது. பைக் லோன் கேட்கப் போனபோதுதான் தம்பிக்கு அது தெரிந்தது.

மனு போட்டோம். பழைய 590 திரும்பி வந்தது. மற்றதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. எப்படி வரும்? அந்தக் கெடுவை மீறியது அவர்தானே.

தகராறில் இருக்கும் தொகையையும் சேர்த்து முழு பில்லையும் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். அன்றே மின்னஞ்சலில், "ஆட்சேபத்துடன் கட்டியிருக்கிறேன், இந்தக் கட்டணத்தையும் அதற்கான ஜி.எஸ்.டி.யையும் கார்டு கணக்கில் வரவு வையுங்கள்" என்று எழுதுங்கள். கையில் காசு இல்லையென்றால் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டுங்கள். தாமதக் கட்டணம் நிற்கும், வட்டி நிற்காது. மோசடி என்று நீங்கள் புகார் கொடுத்த பரிவர்த்தனை மட்டும் வேறு கணக்கு: விசாரணை முடியும்வரை அந்தத் தொகைக்குக் கட்டணம் எதுவும் போடக்கூடாது.

கெஞ்சுவது

"சார், இந்த ஒரு தடவை மட்டும் பாருங்க" என்று எழுதினால் சலுகை என்று கணக்கு வைத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். அடுத்த தடவை கேட்டால், "போன முறையே தள்ளுபடி செய்தாச்சு" என்று பதில் வரும். விதியைச் சொல்லிக் கேளுங்கள். 10,000 ரூபாய் பில்லில் 9,000 கட்டியிருந்தால், மீதி 1,000 ரூபாயை வைத்துத்தான் தாமதக் கட்டணம் போட முடியும். முழு பில்லை வைத்துப் போட முடியாது. பணம் அனுப்பிய தேதிக்குச் சாட்சி, அனுப்பும்போது வங்கி தரும் யூ.டி.ஆர். என்ற பரிவர்த்தனை எண்.

கிளைக்கு அலைவது

குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வேலூர் கிளைக்கு வந்து மேனேஜரிடம் சத்தம் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், கார்டு பிரிவு அவர் கையில் இல்லை. பில்லில் இருக்கும் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

போனில் மட்டும் பேசுவது

பேசியது காற்றோடு போச்சு.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடுவது

கூடவே கூடாது. கார்டின் பின்பக்கம் பாருங்கள்.

கார்டை வெட்டிப் போட்டுவிட்டு மறப்பது

கத்தரிக்கோலால் வெட்டினால் பிளாஸ்டிக்தான் போகும், கணக்கு அப்படியே இருக்கும். ஆண்டுக் கட்டணம் வரும், அதைக் கட்டவில்லை என்று அபராதமும் வரும். பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.

ஒம்புட்ஸ்மனிடம் அவசரப்பட்டு ஓடுவது

ஒம்புட்ஸ்மன் என்பவர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். அவரிடம் போகும் முன், கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, பதில் இல்லாமல் 30 நாள் போயிருக்க வேண்டும். அல்லது அவர்கள் மறுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் தள்ளிவிடுவார்கள். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு போட்டுவிட்டு இங்கே போக முடியாது. புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் உங்கள் சார்பில் கொடுக்கவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் நீங்களே பதியலாம். கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள் சண்டிகர் செக்டார் 17இல் உள்ள ரிசர்வ் வங்கி முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். முதல் புகாரின் நகல், அவர்கள் அனுப்பிய பதில், பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, கையெழுத்தை மட்டும் மறக்காமல் போடுங்கள்.