பிஎம்பி விண்ணப்பத்தில் மாத முடிவுக் கணக்கைக் காட்டாதீர்கள்

கணக்காளர்கள் திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி (PMP) சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் தடுமாறுவது அனுபவப் பகுதியில்தான். நான்கு ஆண்டுப் பட்டம் உள்ளவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும் என்கிறது அந்தச் சான்றிதழை வழங்கும் பிஎம்ஐ (PMI) அமைப்பு. 35 மணி நேரப் பயிற்சி தனி.

மாதக் கணக்கை முடிப்பது, சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது எல்லாம் அன்றாட வேலை. எத்தனை வருடம் செய்திருந்தாலும் திட்ட அனுபவத்தில் சேராது. தொடக்கமும் முடிவும் உள்ள வேலையைத் தேடுங்கள்: எல்லாத் துறைகளின் வேலையையும் இணைக்கும் இஆர்பி (ERP) மென்பொருளுக்கு மாறியது, புதிய கணக்கியல் தரத்தை நடைமுறைப்படுத்தியது. எழுதும்போது "லெட்ஜர்களைச் சரிபார்த்தேன்" என்றால் எடுபடாது. "துறைகளின் தேவைகளைக் கேட்டு, அட்டவணை போட்டு, தரவு மாற்றத்தைச் சோதித்து, குறித்த தேதிக்குள் அமல்படுத்தினேன்" என்று நீங்கள் வழிநடத்தியது தெரியவேண்டும்.

அனுபவம் போதவில்லையா? பிஎம்ஐ-யின் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம் (CAPM) தேர்வை எழுதலாம். 23 மணி நேரப் பயிற்சி போதும், திட்ட அனுபவம் கேட்பதில்லை.

அப்புறம், செலவுக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதானே என்று பிஎம்பி தேர்வுக்கான ஏர்ன்ட் வேல்யூ (முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் முறை) பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். இன்றைய தேதிக்கு 50 செலவாகும் என்று திட்டம், ஆனது 40. கணக்காளர் கண்ணுக்கு 10 மிச்சம். ஆனால் முடிந்த வேலையின் மதிப்பு 30தான் என்றால், செலவுத் திறன் 30-ஐ 40-ஆல் வகுத்தால் 0.75. ஒன்றுக்குக் கீழே போனாலே செலவு கைமீறுகிறது என்று அர்த்தம். 50-க்கு முடிந்திருக்க வேண்டியதில் 30-க்குத்தான் முடிந்ததால் வேலையும் பின்தங்கிவிட்டது. நம் பழக்கமே நம்மைத் தவறான விடைக்கு இழுக்கும் பகுதி இது. இங்கே கூடுதலாகப் பயிற்சிக் கணக்குகள் போடுங்கள்.