பிள்ளைகளுக்கு நன்றியைச் சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரிப் பக்கம் மார்கழி பஜனைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்குகிற ஆள் நான். இப்போது பாலக்கோடு, பென்னாகரம் பக்கமெல்லாம் இளவட்டங்கள் புதிதாகக் குழு ஆரம்பிக்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளை ஒன்றுவிடாமல் திருப்பிச் செய்கிறார்கள். சுருதி விலகுவது, பிள்ளைகள் லேட்டாக வருவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

சாமி கண்ணைக் குத்தும்

பயந்து கும்பிடுகிற பிள்ளைக்கு நன்றி வராது.

ஒப்பிக்க மட்டும் வைப்பது

திருப்பாவை 30 பாட்டையும் ஒப்பித்தால் எவர்சில்வர் டம்ளர் பரிசு. சரி. நாலாவது பாட்டு, ‘ஆழி மழைக்கண்ணா’, மழையைக் கேட்கிற பாட்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற ஊர்களில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடலாமா? வீட்டில் மானாவாரி ராகி மூட்டை இருந்தால் அதைக் காட்டிவிட்டுப் பாட வையுங்கள், குரலே வேறு மாதிரி வரும்.

வாசிக்க வந்தவரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா. பம்பை, உடுக்கைக்காரர்கள் காலையிலேயே வந்து, கரகம் ஜோடிப்பதிலிருந்து ஊர்வலம் முடியும்வரை வெயிலில் நின்று அடிப்பார்கள். பிள்ளைகள் அவர்களைச் சுற்றியேதான் நிற்கும், பம்பையை ஒருதரம் தட்டிப் பார்க்க விடுவார்களா என்று கண் அங்கேயே இருக்கும். ஒரு ஊரில் எல்லாம் முடிந்ததும் நன்கொடை கொடுத்த ஒவ்வொருவரையும் மைக்கில் கூப்பிட்டு, பிள்ளைகள் கையால் துண்டு போர்த்த வைத்தார்கள். பம்பைக்காரர்களுக்குத் துண்டு கிடையாது. ‘எல்லாரும் சாப்பிடட்டும், அப்புறம் உட்காருங்க’ என்று ஓரமாக நிறுத்திவைத்து, பேசின கூலியிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பொடியன், ‘அண்ணா, இவங்களுக்கு ஏன் துண்டு போடல?’ என்று கேட்டான். ‘அதான் காசு வாங்குறாங்கல்ல’ என்றார் விழாக் குழுக்காரர். காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று அங்கேயே பாடம் நடந்துவிட்டது, மாதக்கணக்கில் நாம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் போச்சு. அடுத்த ஆடிக்கு அந்த பம்பை செட் வரவில்லை. ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு போட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் ஐஸ் வண்டியிடம் நின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வாசித்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்துப் பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெற்றிலை பாக்குத் தட்டில் முழுக் கூலியையும் வைத்து ஒரு பிள்ளை கொடுக்கட்டும். அதற்கு முன்னால் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு வந்து மைக்கில் சொல்லட்டும்.

இல்லாதவர் பிள்ளையைக் காட்டி ‘நீ எவ்வளவு கொடுத்து வெச்சவ பாரு’ என்பது

அந்தப் பிள்ளைக்கும் காது உண்டு.

நெல்லிக்கனியோடு திரையை இறக்குவது

அதியமான் ஆண்ட தகடூர் நம் தர்மபுரிதான் என்பதால் ஆண்டு விழா என்றாலே அதியமான் நாடகம்தான். கனியை நீட்டியதும் கைதட்டல், முடிந்தது. அதுவரை வந்தது கொடை. கனியை வாங்கிக்கொண்ட ஔவை, நீலமணி மிடற்றுச் சிவன்போல நீ நிலைத்திரு என்று அவனை வாழ்த்திப் பாடினாளே, புறநானூற்றில் 91ஆவது பாட்டு, அதை யாரும் மேடையேற்றுவதில்லை. ராஜா வேஷத்துக்கு வீட்டுக்கு வீடு சிபாரிசு வரும், வரட்டும். நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கு ஔவை வேஷத்தைக் கொடுத்து, நாடகத்தை அந்தப் பாட்டில் முடியுங்கள்.